நிலக்கரி வகுத்த வழி: நாட்டிங்ஹாம் டிராம் பாதையில் பழைய சுரங்க ரயில்களின் சுவடுகள்

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்தில், டிரென்ட் நதிக்கரையில் அமைந்துள்ள நாட்டிங்ஹாம் நகரம் 1936ஆம் ஆண்டில் தன் பழைய டிராம் வண்டிகளை ஒழித்துவிட்டு, அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் தேதி மீண்டும் டிராம் ஓட்டத் தொடங்கியது. புதிய பாதையின் நீளம் பதினான்கு கிலோமீட்டர். ரயில் நிலையத்தின் அருகே புறப்பட்டு, பழைய சந்தைச் சதுக்கத்தைக் கடந்து, கடைத்தெருக்களின் நடுவே ஏறி இறங்கிச் செல்லும் அப்பாதை, வில்கின்சன் தெருவுக்கு அப்பால் வீதியை விட்டு விலகி, லீன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு வடக்கே ஹக்னல் என்ற சிறு நகரம் வரையில் போகிறது. வழியில் ஹைபரி வேல் என்ற நிறுத்தத்தில் ஒரு கிளை பிரிந்து, மேற்கே மேட்டின்மீது ஏறி, சிண்டர்ஹில்லைக் கடந்து, பீனிக்ஸ் பார்க் என்ற இடத்தில் முடிகிறது.

இந்தக் கிளையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இதில் உள்ளது ஒற்றைத் தடமே. சிண்டர்ஹில் நிறுத்தத்தில் போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் பிளாட்பாரம் ஒன்றே. முடிவிடமான பீனிக்ஸ் பார்க்கில் பழைய ஊர் எதுவும் இல்லை. காரியாலயக் கட்டடங்களும், நெடுஞ்சாலை வழியே வருவோர் காரை நிறுத்திவிட்டு டிராம் ஏறுவதற்கான விஸ்தாரமான திடலுமே இருக்கின்றன. ஜனநெருக்கம் மிகுந்த பேட்டைகள் பல டிராமுக்காகக் காத்திருந்த காலத்தில், இந்த மேட்டை நோக்கி ஒரு கிளை போடுவானேன் என்று கேட்டால், அதற்குரிய விடையை இருபதாம் நூற்றாண்டின் நகரத் திட்டங்களில் மட்டும் தேடினால் போதாது. 1840களில் அந்த மேட்டிலிருந்து நிலக்கரி இறங்கி வந்தது. கரி இறங்கிய வழியிலேயே இன்று மனிதர் ஏறிச் செல்கிறார்கள்.

பிரயாணிகளுக்காக அமைந்த ஒரு பாதையின் உருவத்தை, பிரயாணிகளைப் பற்றிச் சற்றும் கவலைப்படாத ஒரு வியாபாரம் எவ்வளவு தூரம் நிர்ணயித்திருக்கிறது என்பதையும், அந்த வியாபாரத்தின் சுவடுகளில் சில நிலைத்திருக்க, சில தடந்தெரியாமல் போனதற்குக் காரணம் என்ன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத் தண்டவாளமும் மதுக்கடைக் கூட்டமும்

நிலக்கரிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சுரங்கத்தின் வாயிலில் அது மலிவான சரக்கு. சில மைல் தூரம் வண்டியில் ஏற்றிச் சென்றாலோ, சேறும் பள்ளமுமான சாலைகள் அதன் விலையை இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே பூமியிலிருந்து கரியை வெட்டி எடுப்பதைக் காட்டிலும், எடுத்த கரியை விற்பனையாகும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே சுரங்க முதலாளிகளின் பெருங்கவலையாக இருந்தது. ரயில் என்ற சாதனம் இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. அதன் ஆதி சரித்திரத்தில் நாட்டிங்ஹாமுக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு.

நகரத்துக்கு மேற்கே ஸ்ட்ரெல்லி என்ற கிராமத்தின் சுரங்கங்களிலிருந்து வொல்லாட்டன் வரையில், சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு, ஹண்டிங்டன் போமான்ட் என்பவர் 1603, 1604ஆம் ஆண்டுகளில் மரத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தார். வொல்லாட்டன் பிரபுவான சர் பெர்சிவல் வில்லோபி அவருடைய கூட்டாளி. குதிரைகள் இழுத்த அந்த வண்டிப்பாதை, பிரிட்டனில் ஆவணச் சான்றுள்ள தரைமேல் தண்டவாளப் பாதைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. போமான்ட் பின்னர் வடக்கே நார்தம்பர்லந்துக்குச் சென்று அங்கும் இத்தகைய பாதைகளை அமைத்தார்; கையிருப்பையெல்லாம் இழந்து, கடனுக்காகச் சிறைப்பட்டு, 1624இல் நாட்டிங்ஹாம் சிறையிலேயே மாண்டார். அவர் வழிகாட்டிய வித்தை மட்டும் வடகிழக்குச் சுரங்கப் பிரதேசத்தில் வேரூன்றிப் பெருகியது.

அந்த வடகிழக்குப் பிரதேசத்தில், கில்லிங்வொர்த் சுரங்கத்தின் கரி வண்டிப் பாதைகளில் பழகியவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். தமக்குப் பழக்கமான அந்தப் பாதையின் அகலத்தையே அவர் தாம் நிர்மாணித்த ரயில் பாதைகளுக்கும் கைக்கொண்டார். அதுவே நாளடைவில் 1435 மில்லிமீட்டர் என்ற பொது அளவாக உலகெங்கும் பரவியது. நாட்டிங்ஹாம் டிராமின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரமும் அதுவே. சுரங்க ரயிலின் சுவடுகளைத் தேடிப் புறப்படுகிறவர் காடு மேடு அலைய வேண்டியதில்லை. நகரத்தின் நடுச்சதுக்கத்தில், கடைகளின் வாசலில், கற்பாவிய தரையில் பதிந்துகிடக்கும் இரண்டு எஃகுக் கோடுகளின் இடைவெளியே சுரங்கத்திலிருந்து வந்த அளவுதான்.

போமான்டின் காலத்துக்குப் பிறகு நாட்டிங்ஹாம் வட்டாரத்துக் கரி நெடுநாள் நீர்வழியை நம்பியிருந்தது. 1796இல் நாட்டிங்ஹாம் கால்வாய் முற்றுப்பெற்றது. அதற்கு மேற்கே ஈரிவாஷ் பள்ளத்தாக்கிலும் கால்வாய்கள் கரியைச் சுமந்தன. 1819இல் பிங்ஸ்டனுக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் இடையே ஒரு குதிரை ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆனால் 1832இல் லெஸ்டர் நகரத்துக்கும் ஸ்வானிங்டன் சுரங்கங்களுக்கும் இடையே நீராவி ரயில் ஓடத் தொடங்கி, லெஸ்டர் சந்தையில் ஈரிவாஷ் கரி விலைபோகாத நிலைமை ஏற்பட்டபோது, சுரங்க முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், ஈஸ்ட்வுட் என்ற ஊரிலுள்ள சன் இன் என்னும் மதுக்கடையில் அவர்கள் கூடி, தங்கள் கரியை லெஸ்டருக்குக் கொண்டுபோகத் தாங்களே ஒரு ரயில் பாதை போடுவதென்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்திலிருந்து மிட்லண்டு கவுண்டிஸ் ரயில்வேயும், பின்னர் பல கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து மிட்லண்டு ரயில்வே என்ற பெருஸ்தாபனமும் தோன்றின. 1839இல் நாட்டிங்ஹாமுக்கு முதல் ரயில் வந்தது. பிரயாணிகள் அதில் ஆவலுடன் ஏறினார்கள் என்பது உண்மையே. ஆயினும் அதைத் தொடங்கிவைத்தது கரியின் போட்டி.

சிண்டர்ஹில் மேடு

டிராம் கிளையின் பூர்வீகம் தாமஸ் நார்த் என்ற சுரங்க முதலாளியிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. நாட்டிங்ஹாம் நகரத்தின் மேயராகவும் இருந்த இவர், 1841 முதல் 1843 வரையில் சிண்டர்ஹில்லில் ஓர் ஆழ்சுரங்கம் தோண்டினார். அதுவரை அவ்வட்டாரத்தில் கரி எடுத்தவர்கள், கரிப்படுகை தரைமட்டத்தை எட்டிப்பார்க்கும் மேற்குப் பகுதிகளில் சிறு குழிகளை வெட்டி, ஒரு குழி தீர்ந்ததும் அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். நார்த் தோண்டிய சுரங்கமோ ஆழமானது. நீராவி இயந்திரங்களை வைத்துப் பெருமுதலீட்டில் நடத்தப்பட்டது. பல தலைமுறைகளுக்கு அதே இடத்தில் நிலைத்து நின்று வேலை செய்ய வேண்டியது. நாட்டிங்ஹாம்ஷயரில் நவீனச் சுரங்கத் தொழில் இங்கிருந்து தொடங்குவதாகச் சொல்லலாம். பாபிங்டன் சுரங்கம் என்ற பெயரால் பிற்காலத்தில் அது வழங்கிற்று.

ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் சுரங்கத்துக்கு நிலையான பாதை இன்றியமையாதது. லீன் பள்ளத்தாக்கின் வழியே மிட்லண்டு ரயில்வேயின் மான்ஸ்ஃபீல்டு பாதை 1848இல் கர்க்பி வரையிலும், மறு ஆண்டில் மான்ஸ்ஃபீல்டு வரையிலும் திறக்கப்பட்டபின், மேட்டிலிருந்த சுரங்கத்திலிருந்து பள்ளத்தாக்கிலிருந்த பெரிய பாதைக்கு இறங்கும் கிளை ரயில் அந்த வியாபாரத்தின் உயிர்நாடியாயிற்று. இத்தகைய கிளையை வகுத்த பொறியாளர்கள் ஊர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய கண் சரிவின் மீதே இருந்தது. பாரமேறிய வண்டிகள் இறங்கிப் போக வேண்டும்; காலி வண்டிகள் மட்டுமே ஏறி வர வேண்டும். இறக்கம் கடுமையாக இருந்தால் பாரவண்டிகளை பிரேக் பிடித்து நிறுத்துவது அபாயம். ஏற்றம் கடுமையாக இருந்தால் காலி வண்டிகளை இழுக்க எஞ்சின் திணறும். ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும், தேவையான இடத்தில் சுற்றி வளைத்தும், ஒரே சீராகச் சரியும் தளம் ஒன்றை உண்டாக்கினார்கள்.

மின்சாரத்தால் இயங்கும் இன்றைய டிராமுக்கு இந்தச் சலுகை எதுவும் தேவையில்லை. நகரத்தின் நடுவே மார்க்கெட் தெருவின் செங்குத்தான ஏற்றத்தில் அது தயக்கமின்றி ஏறுகிறது. லேஸ் மார்க்கெட் பக்கத்துத் தெருமுனைகளில் உடலை மடக்கிக்கொண்டு திரும்புகிறது. அதே வண்டி வில்கின்சன் தெருவைத் தாண்டியதும் அதன் நடை மாறிவிடுகிறது: திடீர்த் திருப்பங்கள் நின்றுபோகின்றன, வளைவுகள் அகன்று நீள்கின்றன, ஏற்றம் ஏறுவதே தெரியாமல் ஏறுகிறது, வீடுகள் முகத்தைக் காட்டாமல் பின்கட்டையும் தோட்டத்து வேலியையும் காட்டுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிரயாணிகூட, தெருவுக்காக வகுத்த பாதை எங்கே முடிந்தது, எஞ்சினுக்காக வகுத்த பாதை எங்கே தொடங்கியது என்பதைத் தன் உடம்பின் அசைவைக் கொண்டே சொல்லிவிடலாம்.

தாமஸ் நார்த் 1868இல் காலமானபோது பெருங்கடனாளியாக இருந்தார். போமான்டின் கதையை இது நினைவூட்டுகிறது. இருவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு கடந்திருந்தாலும், கரிக்கு வழி வகுத்தவர்கள் அதன் பலனை அனுபவிக்காமற் போனதும், வழி மட்டும் பிறர் கைக்கு மாறி நிலைத்ததும் இரண்டிடத்திலும் ஒன்றே. நார்த்தின் சுரங்கம் கம்பெனிகளின் கைக்குப் போய், 1947இல் தேசவுடைமையாகி, 1986இல் மூடப்பட்டது. சுரங்கக் கட்டடங்கள் இடிக்கப்பட்ட அந்த இடம் மட்டப்படுத்தப்பட்டுப் பீனிக்ஸ் பார்க் ஆயிற்று. சுரங்கத்தின் கிளைப்பாதை டிராமின் கிளைப்பாதை ஆயிற்று.

லீன் பள்ளத்தாக்கின் மூன்று ரயில்கள்

ஹைபரி வேலிலிருந்து வடக்கே ஹக்னல் போகும் பிரதான பாதையின் கதை இன்னும் சிக்கலானது. 1860களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குள் லீன் பள்ளத்தாக்கு முழுவதும் சுரங்கங்களால் நிறைந்தது. ஹக்னலில் 1861இலும் 1866இலும் இரண்டு சுரங்கங்கள் தோண்டப்பட்டன. பெஸ்ட்வுட், லின்பி, நியூஸ்டெட், ஆன்ஸ்லி எனச் சங்கிலிபோல் மற்றவையும் எழுந்தன. மிட்லண்டு ரயில்வே ஒன்றே இத்தனை கரியையும் சுமந்து லாபம் ஈட்டுவதைப் போட்டிக் கம்பெனிகள் பார்த்துக்கொண்டிருக்குமா? 1880களின் தொடக்கத்தில் கிரேட் நார்தர்ன் ரயில்வே அதே பள்ளத்தாக்கில் தன் பாதையைக் கொண்டுவந்தது. நூற்றாண்டின் முடிவில் கிரேட் சென்ட்ரல் ரயில்வே லண்டனை நோக்கித் தன் பெரும் பாதையை இதே வழியாக அமைத்தது. 1899 மார்ச்சில் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாதையில், அதற்கு முந்திய ஜூலை மாதத்திலிருந்தே கரி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாகக் கொட்டிய மண்கரைகள் பாரத்தால் அழுந்தி இறுகட்டும் என்பதற்காக முதலில் கரியை ஓட்டினார்கள். அந்தப் பிரதேசத்தில் கரி முன்னே போக, மனிதர் பின்னே போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தப் போட்டியின் விளைவாக, கவிஞர் பைரன் அடக்கம் செய்யப்பட்ட மாதாகோவிலைத் தவிர வெளியூரார் தேடி வரக் காரணம் அதிகமில்லாத ஹக்னல் என்ற ஊருக்கு, மூன்று கம்பெனிகளின் மூன்று ரயில் நிலையங்கள் அமைந்தன. ஊரின் ஜனத்தொகையைக் கொண்டு இதை விளக்க முடியாது. ஊருக்கு அடியில் கிடந்த கரியைக் கொண்டே விளக்க முடியும்.

பிறகு அழிவின் காலம் வந்தது. கிரேட் நார்தர்ன் பாதையும் கிரேட் சென்ட்ரல் பாதையும் 1960களில் வெட்டி எறியப்பட்டன. மிட்லண்டு பாதையில் 1964 அக்டோபரில் பிரயாணி ரயில்கள் நின்றன; அதன்பின் மான்ஸ்ஃபீல்டு, ரயில் நிலையம் இல்லாத பெரிய ஊர் என்று முப்பது ஆண்டுகள் பேரெடுத்தது. ஆனால் மிட்லண்டு பாதையின் தெற்குப் பகுதியைப் பிடுங்கி எடுக்க முடியவில்லை. லீன் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் இன்னும் உயிரோடிருந்தன. அவற்றின் கரி நகர வேண்டியிருந்தது. ஒரு பிரயாணியும் ஏறாத அந்தப் பாதையைக் கரி ரயில்கள் தனியே காத்து வந்தன.

காவல் வீண்போகவில்லை. 1993 மே மாதம் நாட்டிங்ஹாமிலிருந்து நியூஸ்டெட் வரையில், ராபின் ஹுட் லைன் என்ற பெயரால் பிரயாணி ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 1995இல் மான்ஸ்ஃபீல்டையும், 1998இல் வொர்க்ஸாப்பையும் எட்டியது. பாதை காக்கப்படாத வடபகுதியில் நேர்ந்த சிரமத்தையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: கர்க்பி அருகே தூர்த்து மூடப்பட்டிருந்த ஒரு குகைப்பாதையைத் திரும்பவும் தோண்டித் திறந்தாக வேண்டியிருந்தது. முன்னோர் மலையைக் குடைந்து அமைத்ததை, இடைக்காலத்தார் மண்ணைக் கொட்டி மூட, பின்வந்தோர் மீண்டும் பணம் செலவழித்துக் குடைந்தார்கள்.

டிராம் வந்தபோது, இதே மிட்லண்டு பாதையின் அகலத்திலேயே அதற்கும் இடம் கிடைத்தது. இரட்டைத் தடமாக இருந்த பழைய பாதையில் புல்வெல்லுக்கும் ஹக்னலுக்கும் இடையே ரயிலுக்கு ஒரு தடத்தை விட்டு, மற்றத் தடத்தின் நிலத்தில் டிராம் ஓடுகிறது. அதனால்தான் அப்பகுதியில் டிராமும் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் ஓடி, நிறுத்தங்களில் உள்ள மாற்றுத் தடங்களில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கிறது. நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் தாமதமானால் முணுமுணுக்கும் பிரயாணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிக்காக வாங்கிய நிலத்தின் அகலத்தோடுதான் சண்டை பிடிக்கிறார். புல்வெல்லிலும் ஹக்னலிலும் ரயிலும் டிராமும் அருகருகே நிற்க, ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் வசதி இன்று இருக்கிறது.

ஆற்றுக்குத் தெற்கே

2015 ஆகஸ்டு 25ஆம் தேதி டிராம் பாதை தெற்கிலும் மேற்கிலும் நீட்டப்பட்டு, மொத்த நீளம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் அளவாயிற்று. பீனிக்ஸ் பார்க்கில் புறப்படும் வண்டி இப்போது நகரத்தை ஊடுருவி, டிரென்ட் நதியைத் தாண்டி, கிளிஃப்டன் வரையில் போகிறது. இந்த ஒரே வண்டியில் முழுத்தூரம் பிரயாணம் செய்கிறவர், கரியின் சரித்திரத்தில் பல அத்தியாயங்களை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறார்.

லேஸ் மார்க்கெட்டிலிருந்து ரயில் நிலையம் நோக்கி டிராம் இறங்கும் மேம்பாலம், கிரேட் சென்ட்ரல் ரயில்வேயின் பழைய மேம்பாலம் நின்ற வழியிலேயே கட்டப்பட்டது. ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களுக்கு மேலே குறுக்காகப் பாயும் டிராம் பாலமும், அதே கம்பெனியின் இரும்புப் பாலம் 1980களில் அகற்றப்படும் வரையில் நின்றிருந்த இடத்திலேயே வைக்கப்பட்டது. கீழே மிட்லண்டு ரயில்வே, மேலே கிரேட் சென்ட்ரல் என்ற பழைய பகைவர்களின் அடுக்கு முறை, இருவரும் மறைந்த பின்னும் அப்படியே தொடர்கிறது.

ஆனால் நதியை அடைந்ததும் கதை திசைமாறுகிறது. கிரேட் சென்ட்ரலின் டிரென்ட் பாலம் இடிக்கப்பட்டுவிட்டது. தென்கரையில் அந்தப் பாதையின் மண்கரை மட்டும் எஞ்சியிருந்தது. மண்கரையைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் நதியைக் கடந்தாக வேண்டும். அங்கே கைகொடுத்தது மற்றொரு சுரங்க முதலாளியின் பாலம். கிளிஃப்டன் பிரபு சர் ராபர்ட் ஜக்ஸ் கிளிஃப்டன், நதியின் வடகரையில் தாம் தோண்டிய கிளிஃப்டன் சுரங்கத்துக்குத் தென்கரையிலிருந்து போக்குவரத்து ஏற்படுத்திக் கொள்ள வில்ஃபோர்டில் ஒரு சுங்கப் பாலம் கட்டத் தொடங்கினார். 1869இல் அவர் இறந்துபோக, மறு ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. கடப்பவர்கள் செலுத்திய காசின் பெயரால் அரைப் பென்னிப் பாலம் என்று ஊரார் அதை அழைத்தார்கள். இன்றும் அதன் அருகே பழைய சுங்கச் சாவடியும், சர் ராபர்ட்டின் சிலையும் நிற்கின்றன. கிளிஃப்டன் சுரங்கம் 1968இல் மூடப்பட்டது. அந்தப் பாலத்தையே அகலப்படுத்தி டிராம் நதியைக் கடக்கிறது. கடந்தபின் சிறிது தூரத்தில் கிரேட் சென்ட்ரலின் மண்கரைமீது ஏறி, வில்ஃபோர்டு லேன் முதல் ரடிங்டன் லேன் வரையில் அதன் மேலேயே ஓடுகிறது.

ஆக, நகரின் வடமேற்கில் ஒரு சுரங்கம் இருந்த இடத்தில் புறப்படும் வண்டி, தெற்கே மற்றொரு சுரங்கத்துக்காகக் கட்டிய பாலத்தின் வழியே நதியைத் தாண்டுகிறது. இரு சுரங்கங்களும் மறைந்துவிட்டன. அவற்றுக்காக நிர்மாணித்த போக்குவரத்துச் சாதனங்கள் மாத்திரம் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

சுவடுகளின் மூன்று வகை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், சுரங்க ரயிலின் சுவடுகள் மூன்று வகையாகப் பிரிவது தெரியும். முதல்வகை, கண்ணுக்குத் தெரியும் பொருள்கள்: பாலத்தின் செங்கல், வெட்டுப்பள்ளத்தின் சுவர், சுங்கச் சாவடி. ஹக்னலுக்குச் சற்றுக் கிழக்கே, பெஸ்ட்வுட்டில், 1870களில் நிறுவிய செங்குத்து நீராவி எஞ்சினும், அது நிற்கும் உயரமான செங்கல் மண்டபமும் சுரங்கம் 1967இல் மூடப்பட்ட பின்னும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆட்களையும் கரித்தொட்டிகளையும் பாதாளத்திலிருந்து மேலே இழுத்த அந்த இயந்திரத்தின் எதிரில் நின்றால்தான், பள்ளத்தாக்கில் அத்தனை ரயில் தடங்கள் ஏன் வேண்டியிருந்தன என்பது விளங்கும். இத்தகைய பொருட்சுவடுகளே பார்ப்பவர் மனத்தைக் கவர்கின்றன. ஆனால் டிராமுக்கு அவற்றால் உபயோகம் குறைவு.

இரண்டாம் வகை, உருவச் சுவடு: சீரான சரிவு, அகன்ற வளைவு, இரு பக்கமும் வீடுகள் புறங்காட்டி நிற்கும் அமைப்பு. பழைய தண்டவாளமும் கட்டையும் ஜல்லியும் முழுவதும் அகற்றப்பட்டுப் புதியவை போடப்பட்ட பின்னும் இந்த உருவம் மாறாது. பூகோளப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளனுக்கு இதுவே நம்பகமான ஆதாரம்.

மூன்றாவது வகை கண்ணுக்கே தெரியாதது. ஆயினும் மற்ற இரண்டையும்விட வலிமை மிக்கது. அது நிலத்தின் தொடர்ச்சி. நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்களின் வயலும் தோட்டமுமாகச் சிதறிக் கிடந்த நிலத்தை, சட்டத்தின் துணையாலும் பணத்தின் பலத்தாலும் ஒரே நீண்ட துண்டாகச் சேர்த்து, அதில் இடையூறின்றிப் போக ஓர் உரிமையை உண்டாக்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில்வேக்களின் அரிய சாதனை. எஞ்சின் செய்யலாம், தண்டவாளம் வார்க்கலாம், குடியேறிப் பெருகிவிட்ட நகரத்தின் ஊடே பல மைல் நீளத்துக்குத் தொடர்ச்சியான நிலத்தை மீண்டும் சேர்ப்பதுதான் அரிதினும் அரிது. 1994இல் பார்லிமெண்டு நாட்டிங்ஹாம் டிராமுக்கென்று தனிச் சட்டம் இயற்றியபோது, லீன் பள்ளத்தாக்கில் அந்தத் தொடர்ச்சி தயாராகக் காத்திருந்தது. காப்பாற்றியது யாருடைய தீர்க்கதரிசனமும் அன்று. கரி ரயில் கடைசிவரை ஓடிய ஒரே காரணம்தான்.

இதற்கு எதிர்ச்சான்றும் இதே நகரத்தில் உண்டு. கிரேட் சென்ட்ரல், கிரேட் நார்தர்ன் கம்பெனிகள் கூட்டாகக் கட்டிய விக்டோரியா நிலையம் 1900இல் திறக்கப்பட்டு, 1967இல் மூடப்பட்டது. நகரத்தின் நட்ட நடுவில், குகைப்பாதைகளோடு கூடிய அந்த மகத்தான இடம் ஒரு வியாபார மாளிகைக்குப் போயிற்று. பழைய மணிக்கூண்டு ஒன்றே அலங்காரமாக விடப்பட்டிருக்கிறது. பொருட்சுவடு பிழைத்தது; நிலத்தின் தொடர்ச்சி ஒழிந்தது. ஆகவே நகரின் வடபாதியில் டிராம் தெருவிலேயே, மோட்டார்களோடும் பாதசாரிகளோடும் இடம் பகிர்ந்துகொண்டு ஊர வேண்டியிருக்கிறது. மணிக்கூண்டின் மீது எவ்வளவு டிராமை ஓட்ட முடியும்?

கரியும் டிராமும்

சுரங்கத்துக்கும் டிராமுக்கும் உள்ள உறவு 2004இல் தொடங்கியதன்று. 1913இல் தொடங்கிய மற்றொரு டிராம், நாட்டிங்ஹாமிலிருந்து சிண்டர்ஹில் வழியே கிம்பர்லி, ஈஸ்ட்வுட், ஹீனர் முதலிய சுரங்க ஊர்களைத் தொடுத்துக்கொண்டு ரிப்ளி வரையில் ஓடி, 1930களின் தொடக்கத்தில் மறைந்தது. ஈஸ்ட்வுட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த டி.எச். லாரன்ஸ், அந்த டிராமையும் அதில் வேலை பார்த்த பெண் கண்டக்டர்களையும் வைத்து எழுதிய சிறுகதை இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பழைய டிராம் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்றது. ஆனால் சாலைமீது ஓடியது. ஆகவே மோட்டார் பஸ் வந்ததும் சாலை அதனைச் சுலபமாக உதறிவிட்டது. புதிய டிராமில் சுரங்கத் தொழிலாளி இல்லை. ஆனால் சுரங்கத்தின் பாதை இருக்கிறது.

பழைய பாதையைப் பற்றிப் பேசும்போது பழைய வாழ்க்கையை இனிமையாக்கிப் பேசிவிடக் கூடாது. கரித்தூசியால் நுரையீரல் கெட்டவர்களும், சரிவுகளில் உயிரிழந்தவர்களும், 1984, 1985ஆம் ஆண்டுகளின் பெருவேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போனவர், போகாதவர் என இரண்டுபட்டுப் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களும் இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தைச் சேர்ந்தவர்களே. வேலைநிறுத்தம் முடிந்த சில ஆண்டுகளுக்குள் 1986இல் பாபிங்டனும் ஹக்னலும், 1987இல் நியூஸ்டெட்டும், 1988இல் லின்பியும் மூடப்பட்டன. ஆன்ஸ்லி 2000 வரை தாக்குப்பிடித்தது. வேலை போன ஊர்களுக்கு டிராம் வேலையைத் திருப்பித் தரவில்லை. வேலை இருக்கும் இடத்துக்குப் போக ஒரு வழியைத் தந்தது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், பின்னதும் சிறிய காரியமன்று.

கரியின் பிடி அவ்வளவிலும் விட்டுவிடவில்லை. 2004இல் டிராம் ஓடத் தொடங்கியபோது பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. சுரங்க ரயிலின் வழியில் ஓடிய வண்டியின் மின்சாரத்திலும் கரி கலந்திருந்தது. பிறகு மாறுதல் விரைந்து வந்தது. நாட்டிங்ஹாம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது. மறு மாதம் டிராமின் தெற்குப் பாதை திறக்கப்பட்டது. நகருக்குத் தெற்கே டிரென்ட் கரையில் நின்ற ராட்கிளிஃப் அனல்மின் நிலையம், பிரிட்டனிலேயே கரியில் இயங்கிய கடைசி மின் நிலையம், 2024 செப்டம்பர் 30ஆம் தேதி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. அன்றோடு இந்த டிராமுக்கும் கரிக்கும் இருந்த உயிருள்ள சம்பந்தம் அறுந்தது; பாதையின் சம்பந்தம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியிலிருந்து பெறும் முடிவு இதுதான். ஒரு பாதை பிழைப்பதும் அழிவதும் அதன் பழமையையோ அழகையோ பொறுத்ததன்று. இடைக்காலத்தில் அதைப் பயன்படுத்த யாராவது ஒருவர் இருந்தாரா, இல்லையென்றால் அதைத் துண்டு போட்டு விற்காமல் வைத்திருந்தார்களா என்பதையே பொறுத்தது. நாட்டிங்ஹாமில் கரி ரயில் ஓடியதால் தற்செயலாகப் பாதை பிழைத்தது. எல்லா ஊருக்கும் அந்தத் தற்செயல் வாய்க்காது. ஓடாத ரயில் பாதை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவரும் எந்த அரசாங்கமும், தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் பெயர்க்கட்டும், அதன் அடியிலுள்ள நிலத்தை மட்டும் துண்டாடாமல் வைத்திருக்க வேண்டும். விற்ற நிலத்துக்கு அன்று கிடைக்கும் விலையைக் காட்டிலும், அதைத் திரும்பச் சேர்ப்பதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆகும் செலவு எத்தனையோ மடங்கு அதிகம்.